‘ரெண்டையும் ஞெக்குங்க!’: லிஃப்டுக்காக நிற்கும் நேரத்தின் கணக்கு

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், பட்டம் பக்கத்து அடுக்குமாடிகளில் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் நிறைய. காலை எட்டரைக்கு லிஃப்ட் வாசலில் நின்றால் மலையாளத்துக்கு நடுவே நம்மூர்ப் பேச்சும் கேட்கும். “ஒருபாடு நேரமா நிக்கேன், வரமாட்டேங்கு” என்று ஒரு குரல். “ரெண்டையும் ஞெக்குங்க எக்கா, எது முதல்ல வருதோ அதுல ஏறிக்கிடலாம்” என்று, இரண்டு லிஃப்டின் பட்டனையும் அழுத்தச் சொல்லி இன்னொரு குரல். அசோசியேஷன் கூட்டத்தில் இந்தப் புகார் “லிஃப்ட் ஸ்லோ, ஸ்பீடு கூட்டணும்” என்று உருமாறி மினிட்ஸில் ஏறும். வேகமான மோட்டார் போட்டுத் தருகிறோம் என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்!

பத்து, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான்.

கிரவுண்டுக்கு மேல் 12 மாடி உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி 3 மீட்டர். லிஃப்ட் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். உள்ளே ‘13 பேர், 884 கிலோ’ என்று பலகை. நம் நாட்டில் ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துப் பெருக்கிய எண் அது. பலகை 13 என்றாலும் பத்தாவது ஆள் ஏறியதும் வெளியே நிற்பவர் “நீங்க போங்க” என்று பின்வாங்கிவிடுவார். ஆகவே 10 பேர்.

இந்தப் 10 பேரும் எத்தனை இடத்தில் லிஃப்டை நிறுத்துவார்கள்? சிலர் ஒரே மாடிக்குப் போவார்கள் என்பதால் பத்து வராது. 12ஐ, 1 − (11/12)¹⁰ என்பதால் பெருக்கினால் சராசரி வந்துவிடும்: ஏறக்குறைய 7 நிறுத்தம். 1923இல் பாசெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய வழி இது. இன்றைக்கும் லிஃப்ட் கணக்குக்கு இதுதான் அரிச்சுவடி. இதே போக்கில், லிஃப்ட் சராசரியாக எட்டும் உச்சி மாடி 11.3.

இப்போது ஒரு சுற்றைக் கூட்டலாம். ஒரு மாடியைக் கடக்க 2 விநாடி, 11.3 மாடி ஏறி இறங்க 45 விநாடி. அடுத்தது நிறுத்தம். கதவு மூட 3 விநாடி, கிளம்பி வேகமெடுத்து வேகம் தணிந்து அடுத்த மாடியில் நிற்க 5, கதவு திறக்க 2, ஆக 10. முழு வேகத்தில் அந்த மாடியைக் கடந்திருந்தால் ஆகும் 2 விநாடியை முன்பே எண்ணிவிட்டோம்; கழித்தால் ஒரு நிறுத்தத்தின் விலை 8 விநாடி. மேலே 7, கிரவுண்டில் 1 என 8 நிறுத்தத்துக்கு 64 விநாடி. ஆள் ஏற 1.2, இறங்க 1.2 என்று 10 பேருக்கு 24. மொத்தம் 133 விநாடி. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு நிறுத்தத்துக்கு மட்டும் போகிறது.

வேகத்தைக் கூட்டிப் பார்ப்போம். 1.5 மீட்டர் மெஷினைக் கழற்றிவிட்டு 2.5 மீட்டர் மெஷின் போடுகிறோம். ஓடும் நேரம் 45இலிருந்து 27 ஆகிவிடும், சரி. ஆனால் 3 மீட்டர் தூரத்துக்குள் 2.5 மீட்டர் வேகத்தை எட்ட முடியாது; எட்டுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் பக்கத்து மாடிக்குப் போக அதே 5 விநாடிதான். ஒரு நிறுத்தத்தின் விலை 8.8 ஆக ஏறுகிறது, எட்டுக்கு 70. கூட்டினால் 121. மிச்சம் 12 விநாடி.

பழைய மெஷினையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு வேலையில் ஒன்றரை விநாடியை மட்டும் பிடுங்குவோம். 8 என்பது 6.5 ஆகும், எட்டுக்கு 52. மொத்தம் அதே 121! மெஷின், ரோப், வேகம் மீறாமல் காக்கும் கவர்னர் எல்லாம் மாற்றிக் கிடைப்பது, கதவை ஒழுங்குபடுத்தினாலே கிடைக்கிறது. இந்த ஒரு கணக்கை மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

அந்த ஒன்றரை விநாடி எங்கே ஒளிந்திருக்கிறது? முதலில் பார்க்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே உள்ள சில், அந்த அலுமினிய வாய்க்கால். மழைக்காலத்தில் செருப்போடு வரும் மண், கட்டட வேலைக்கு ஏற்றிய மணல், கோயிலுக்குப் போய் வந்த பூவிதழ், கூந்தல் முடி எல்லாம் அதில் அடையும். கதவு கடைசி ஒரு சாணில் முக்கி நிற்கும். முட்டியதும் தடை என்று நினைத்து மோட்டார் மறுபடி திறக்கும். ஒரு தடவை திறந்து மூடினால் 5 விநாடி காலி. இதற்கு மெக்கானிக்கூட வேண்டாம். வாரம் ஒருமுறை, வாட்ச்மேன் லிஃப்டை நிறுத்தி வைத்த பிறகு, பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். எண்ணெய் மட்டும் விடக்கூடாது. அடுத்த வாரம் அதே எண்ணெயில் தூசி ஒட்டிக் களிமண் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து லைட் கர்டன். கதவின் இரு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களால் ஆள் நிற்பதை உணரும் பட்டை அது. தூசி படிந்தால் ஆளில்லாத இடத்திலும் ஆள் இருப்பதாகச் சொல்லும். ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. ஆனால் அதைத் தொந்தரவு என்று துண்டித்துவிட்டுப் போகிற வழக்கமும் இருக்கிறது. மன்னிக்கக்கூடாத வேலை, குழந்தை கை வைக்கிற இடம்.

பிறகு, லிஃப்டை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரில் உள்ள காத்திருப்பு அளவுகள். கதவு முழுதாகத் திறந்த பிறகு எத்தனை விநாடி திறந்தே நிற்க வேண்டும் என்பது ஓர் எண். பல கட்டடங்களில் எல்லா மாடிக்கும் ஒரே எண்தான், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 5 அல்லது 6 விநாடி. அப்படி வேண்டியதில்லை. உள்ளிருந்து அழுத்திய மாடியில் இறங்குபவர் கதவருகே தயாராக நிற்பார். 2 முதல் 3 விநாடி போதும். வெளியிலிருந்து அழைத்த மாடியில் நடந்து வர வேண்டும், 4. கிரவுண்டில் 5 இருக்கட்டும். யாராவது கடந்ததை லைட் கர்டன் கண்டுவிட்டால், மிச்ச நேரத்தை வெட்டி ஒரு விநாடியில் மூடத் தொடங்கலாம். இந்த நான்கு எண்ணையும் தனித்தனியே வைக்க இப்போதைய கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இடமுண்டு. முதியோர் அதிகமுள்ள கட்டடத்தில், சக்கர நாற்காலி வரும் மாடியில், தாராளமாக விடுங்கள். அங்கே விநாடிக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது அசிங்கம்.

மூடும் வேகத்தில் கைவைக்காதீர்கள். இடித்தாலும் அடிபடாதபடி, கதவின் இயக்க ஆற்றல் 10 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை காரணமாகத்தான் அது மெதுவாக மூடுகிறது. மிச்சம் பிடிக்க வேண்டியது திறந்து நிற்கும் நேரத்தில். மூடும் வேகத்தில் அல்ல.

கண்ணுக்குத் தப்பும் கள்ளன் ஒன்று உண்டு: தவழ்தல். மாடியை நெருங்கியதும் லிஃப்ட் ஒரு முழ தூரத்தை 3, 4 விநாடி ஊர்ந்து போய் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய இரட்டை வேக மோட்டாரில் அது பிறவிக் குணம். மோட்டார் வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் விவிவிஎஃப் டிரைவ் வைத்த லிஃப்டிலும் ஊர்ந்தால், பொருத்தியவர் அவசரத்தில் வேகத்தைத் தணிக்கும் இடத்தை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். அதைத் திருத்துவது மெஷின் ரூமில் ஒரு பிற்பகல் வேலை. எட்டு நிறுத்தத்தில் 2 விநாடி வீதம் 16 விநாடி, மெஷின் மாற்றுவதைவிட அதிக லாபம்.

சரி, ஒரு லிஃப்டின் சுற்று 133 விநாடி. மூன்று லிஃப்ட் இருந்தால் கிரவுண்டில் 44 விநாடிக்கு ஒன்று வர வேண்டும். அலுவலகங்களுக்கு 20 முதல் 25 விநாடி என்றால் மிக நன்று, 45ஐத் தாண்டினால் திருப்தியில்லை என்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தரம் பிரிக்கிறது. வீடுகளுக்கு இன்னும் தாராளம். ஆகவே நமது உதாரணக் கட்டடம் விளிம்பில் நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து 68 பேரை ஏற்றிவிடும்.

ஆனால் ‘44 விநாடிக்கு ஒன்று’ என்பது மூன்றும் சம இடைவெளியில் சுற்றினால்தான். அப்படிச் சுற்றுமா? தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு விடை தெரியும். அரைமணி நேரம் ஒன்றுமிருக்காது. பிறகு தமிழ்நாட்டு வண்டி, கேரள வண்டி, மறுபடி ஒரு தமிழ்நாட்டு வண்டி என்று வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று வரும். தாமதமான முதல் வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் அதிகம் சேர்ந்திருக்கும். ஏற்றி ஏற்றி இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டிக்கு ஆளே இல்லை. விரைந்து வந்து ஒட்டிக்கொள்ளும். லிஃப்டிலும் இதேதான். முன்னே போகிறது எல்லா மாடியிலும் நிற்க, பின்னே வருவது காலியாக அதைத் துரத்தும். மூன்றும் ஒட்டிக்கொண்டால் 133 விநாடிக்கு ஒருமுறை மூன்று கதவும் ஒன்றாகத் திறக்கும். சீரான இடைவெளியில் சராசரிக் காத்திருப்பு 22 விநாடி. ஒட்டிய பிறகு 67. அதே மெஷின், அதே வேகம், அதே கரண்ட் பில்.

லிஃப்டுகளை ஒருங்கிணைக்கும் நிரலின் முக்கால் வேலை இந்த ஒட்டலைப் பிரிப்பதுதான்.

இங்கேதான் “ரெண்டையும் ஞெக்குங்க” வருகிறது. நம் பக்கத்து அடுக்குமாடிகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட், இரண்டுக்கும் தனித்தனிப் பட்டன். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. நிற்பவர் இரண்டையும் அழுத்துவார். அவர் மேல் குற்றமே இல்லை, அவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். முதலில் வந்ததில் ஏறிப் போய்விடுவார். இரண்டாவது லிஃப்ட் அந்த மாடிக்கு வந்து, நின்று, ஆளில்லாத வராந்தாவுக்குக் கதவைத் திறந்து காட்டி, 4 விநாடி மரியாதைக்கு நின்று, மூடிக்கொண்டு போகும். 12 விநாடி போச்சு. உள்ளே ஐந்து பேர் இருந்தால் ஆள் கணக்கில் ஒரு நிமிடம். அதைவிடக் கேடு என்னவென்றால், இரண்டும் ஒரே அழைப்புகளைத் துரத்துவதால் ஜோடியாகவே ஏறி ஜோடியாகவே இறங்கும். இரண்டு லிஃப்டுக்குப் பணம் கொடுத்து ஒரு பெரிய லிஃப்டை வாங்கிய மாதிரி.

மருந்து, டூப்ளெக்ஸ். இரு கன்ட்ரோலருக்கும் நடுவே தகவல் கேபிள் போட்டு, மாடிக்கு ஒரே அழைப்பு என்று ஆக்குவது. ஒரே கம்பெனியின் ஒரே வகைக் கன்ட்ரோலர் என்றால் வசதி பலமுறை உள்ளேயே இருக்கும். கேபிள் போடாமல், அமைப்பில் இயக்காமல் விட்டிருப்பார்கள். ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டு வெவ்வேறு கம்பெனி என்றால் பெரும்பாலும் ஒரு கன்ட்ரோலரையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

இணைத்த பிறகு இரண்டு சோதனை. ஒரு லிஃப்ட் பேஸ்மென்ட் வரை போய், மற்றது கிரவுண்டோடு நின்றால், பேஸ்மென்ட் அழைப்பு சரியானதற்குத்தான் போகிறதா என்று பாருங்கள். தவறாகப் போனால் அந்த அழைப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யாரும் வரமாட்டார்கள். அடுத்து, முதல் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு ஒவ்வொரு மாடியிலும் பட்டனை அழுத்துங்கள். பிறகு அதைப் போட்டுவிட்டு, இரண்டாவதை அணைத்து மறுபடியும். எல்லா மாடிப் பட்டனுக்கும் ஒரே கன்ட்ரோலரிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால், அது பழுதாகும் நாளில் நன்றாக இருக்கும் மற்ற லிஃப்டையும் கூப்பிட வழியிருக்காது. ஒப்படைக்கும்போது பார்க்காமல் விட்டால், இடவப்பாதி மழையில் லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்து ஒன்றை நிறுத்தும் நாளில்தான் தெரியவரும்.

மேல்-கீழ் என இரண்டு அம்புப் பட்டன் உள்ள கட்டடத்தில் இன்னொரு வியாதி. கீழே போகிறவர் இரண்டு அம்பையும் அழுத்துவார். மேலே போகிற லிஃப்ட் அவருக்காக நிற்கும், “கீழயா? இல்லையே, மேலே போவுது” என்ற உரையாடல் முடிந்து கதவு மூடும். எச்சரிக்கைத் தாள் ஒட்டிப் பயனில்லை. மொட்டை மாடியில் ஹாலோ ஜிம்மோ இல்லாத வெறும் குடியிருப்பு என்றால், கிரவுண்டுக்கு மேல் எல்லா மாடியிலும் ஒரே பட்டன் போதும். ஏறும்போது வெளி அழைப்புக்கு நிற்காமல், இறங்கும்போது மட்டும் பொறுக்கிக்கொண்டு வரும் முறை. டவுன் கலெக்டிவ் என்பார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடிக்குப் பாயசம் கொண்டு போகிறவர் கொஞ்சம் கஷ்டப்படுவார். அவர் ஒருவர், இறங்குபவர் நூறு பேர்.

எந்த லிஃப்டை அனுப்புவது என்ற தீர்ப்புக்கு வருவோம். எளிய முறை, கிட்டே உள்ளதை அனுப்புவது. ஏழாம் மாடியில் ஒருவர் கீழே போக அழைக்கிறார். ‘அ’ என்ற லிஃப்ட் பத்தாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. ‘ஆ’ கிரவுண்டில் சும்மா நிற்கிறது. மூன்று மாடி தூரத்தில், அதே திசையில் வருகிற ‘அ’தான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அது ஒன்பதிலும் எட்டிலும் நிற்க வேண்டும்: ஓட்டம் 6 விநாடி, இரண்டு நிறுத்தம் 16, ஆக 22. கிரவுண்டிலிருந்து ஒரே மூச்சில் வரும் ‘ஆ’வுக்கு ஓட்டம் 14, கிளம்பி நிற்க 3, ஆக 17. தூரத்தில் உள்ளது முந்துகிறது. அதனால் நல்ல நிரல் மாடியை எண்ணாது, விநாடியை எண்ணும்.

அதோடும் முடியவில்லை. ‘ஆ’ மேலே போய்விட்டால் அடுத்த அரை நிமிடத்தில் கிரவுண்டுக்கு வருபவர் என்ன செய்வார்? இந்த அழைப்பை ‘அ’வுக்குக் கொடுத்தால் அதனுள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு நிறுத்தம். எல்லாரின் நேரத்தையும் சேர்த்து எடை போட வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம்: ஒருவர் 10 விநாடி, இன்னொருவர் 90 விநாடி காத்திருப்பதும், இருவரும் 50 விநாடி காத்திருப்பதும் சராசரியில் ஒன்று. 90 விநாடி நின்றவர்தான் கூட்டத்தில் எழுந்து பேசுவார். ஆகவே காத்திருப்பை வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். 10, 90 என்பது 8,200 ஆகும், 50, 50 என்பது 5,000. நீண்ட காத்திருப்புக்குத் தண்டனை தானாகக் கூடிவிடும்.

மிகச் சிறந்த தீர்ப்பு என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியுமா? 1996இல் கிரைட்ஸ், பார்ட்டோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 10 மாடி, 4 லிஃப்ட் மாதிரி ஒன்றைக் கணினியில் ஓட்டித் தானாகக் கற்கவிட்டார்கள். அந்தச் சின்னக் கட்டடத்திலேயே சாத்தியமான நிலைகள் 10²²க்கு மேல். எதிர்காலத்தில் யார் எந்தப் பட்டனை அழுத்துவார் என்றும் தெரியாது. அதனால் ‘எங்கள் லிஃப்டில் ஏஐ இருக்கிறது’ என்று விற்க வருபவரிடம், நம் கட்டடத்தின் காலைக் கூட்டத்தை வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்கலாம்.

பெரிய அலுவலகங்களில் வேறொரு வழி. லிஃப்டுக்கு வெளியிலேயே போகும் மாடியின் எண்ணைத் தட்ட வேண்டும். திரை ‘பி’ என்று காட்டும். ‘பி’ லிஃப்டின் முன் நிற்க வேண்டும். உள்ளே மாடிப் பட்டனே இருக்காது. 1961இல் சிட்னியில் லியோ போர்ட் என்ற பொறியாளர் காப்புரிமைக்குப் போட்ட யோசனை. அந்தக் காலத்து மின்காந்தச் சுவிட்சுகளான ரிலேக்களுக்கு இந்தக் கணக்கு பாரம். 1992இல் ஷிண்ட்லர் கம்பெனியின் மைக்கானிக் 10 வந்த பிறகுதான் பரவலானது. பலன் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரே மாடிக்குப் போகிறவர்களை ஒரே லிஃப்டில் சேர்ப்பதால் 7 நிறுத்தம் 4 ஆகிறது. மூன்று நிறுத்தம், 24 விநாடி. 133 என்பது 109. ஆனால் முதலில் வந்த லிஃப்டில் ஏற முடியாது என்பதால் லாபியில் நிற்கும் நேரம் சில வேளை கூடவும் செய்யும். உள்ளே போகும் பயண நேரம்தான் நிச்சயம் குறையும்.

இந்த முறையைக் கெடுப்பது நம் சுபாவம். ஐந்து பேர் பேசிக்கொண்டே வருவார்கள், ஒருவர் மட்டும் எண்ணைத் தட்டுவார். ஓர் ஆளுக்கு இடம் ஒதுக்கிய லிஃப்டில் ஐந்து பேர் ஏறுவார்கள். உரிய ஆள் வெளியே நிற்பார், மறுபடி தட்டுவார். டெக்னோபார்க் ஐடி வளாகம் மாதிரி இடத்தில் அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், நுழைவுக் கதவையும் லிஃப்டையும் இணைத்தால் ஆளெண்ணிக்கை ஒழுங்காகிவிடும். குடியிருப்புக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். விருந்தாளி வந்து உள்ளே பட்டனைத் தேடிக்கொண்டு நிற்பார்.

செலவில்லாத வேலை ஒன்று, சும்மா இருக்கும் லிஃப்டை எங்கே நிறுத்துவது என்பது. அலுவலகத்தில் காலையில் கிரவுண்டுக்கு வந்து நிற்க வேண்டும். குடியிருப்பில் தலைகீழ்: 7 முதல் 9.30 வரை இறங்குபவர்களே அதிகம், ஆகவே இரண்டில் ஒன்றை மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், 12 மாடி என்றால் எட்டாம் மாடியில், நிறுத்தலாம். மாலையில் இரண்டுமே கீழே. ஆளில்லாமல் ஒரு நிமிடம் ஆன பிறகு நகரட்டும். 10 விநாடியிலேயே நகரும்படி வைத்தால், பையை எடுக்கத் திரும்பியவர் வருவதற்குள் கிளம்பிவிடும், வெற்றோட்டமும் தேய்மானமும்தான் கண்ட பலன்.

எடை அளவும் கவனிக்க வேண்டியதே. 110 சதவீதத்தைத் தாண்டினால் மணியடித்து நகராமல் நிற்பது எல்லாருக்கும் தெரியும். ஏறக்குறைய 80 சதவீதம் நிறைந்ததும் வெளி அழைப்புகளை விட்டுவிட்டு நேரே போகும் ஓர் அமைப்பும் உண்டு. “லிஃப்ட் நிக்காமப் போயிட்டு” என்ற கோபத்துக்குப் பல சமயம் காரணம் இது. வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி. அது வேலை செய்யாத நாளை ஆற்றுகால் பொங்கலன்று பார்க்கலாம்.

ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் நாள் அது. கும்ப மாதத்தில் அந்த நாள் விடியற்காலை. நகரத்து அடுக்குமாடிகளிலிருந்து பெண்கள் இறங்குகிறார்கள். குமரியிலிருந்து முந்தின நாளே வந்து தங்கிய சொந்தங்களும் கூட. ஆளுக்கு ஒரு மண்பானை, மூன்று செங்கல், அடுப்பெரிக்க ஒரு கட்டுக் கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), அரிசி, வெல்லம், தேங்காய் வைத்த பை. பன்னிரண்டாம் மாடியிலேயே ஐந்து பேர் ஏறியதும் கேபின் நிறைந்துவிடும். எடை? ஆளும் சாமானும் சேர்த்து ஆளுக்கு 75 கிலோ வைத்தால் 375. 884இல் 42 சதவீதம். எடையை உணரும் லோட் செல்லுக்கு இது பாதி காலி லிஃப்ட். ஆகவே பதினொன்றில் நிற்கும். கதவு திறக்கும். உள்ளே பானை, வெளியே பானை. “அடுத்ததுல வாங்கோ.” மூடும். பத்தில் நிற்கும். பதினொரு மாடியிலும் இதே காட்சி என்றால், நிறுத்தத்துக்கு 12 விநாடி வீதம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வீண். கீழ்மாடிக்காரர் ஒவ்வொரு முறையும் நிறைந்த லிஃப்டைத்தான் பார்ப்பார்.

அன்றைக்கு நிரலை நம்பக்கூடாது. ஒரு லிஃப்டை அட்டெண்டன்ட் முறைக்கு மாற்றி, உள்ளே ஒரு ஆளை நிறுத்துங்கள். நிறைந்ததும் அவர் பைபாஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு நேரே கீழே போகலாம். 12 முதல் 9 வரை ஒரு நடை, 8 முதல் 5 வரை அடுத்த நடை என்று மாற்றி மாற்றி ஓட்டினால் யாரும் விடுபட மாட்டார்கள். நான்காம் மாடியிலும் அதற்குக் கீழும் இருப்பவர்கள் செங்கலை மட்டும் லிஃப்டில் ஏற்றிவிட்டுக் கைவீசிப் படியில் இறங்கிவிடலாம். மற்ற லிஃப்டில் அந்த 80 சதவீதத்தை அன்றைக்கு மட்டும் 40க்கு இறக்கச் சொல்லுங்கள். மறுநாள் திரும்ப ஏற்ற மறக்கக்கூடாது. இல்லையென்றால் ஆறு பேர் ஏறிய லிஃப்ட் யாருக்கும் நிற்காமல் போகும், புதுப் புகார் வரும்.

கன்ட்ரோலரில் உள்ள எந்த எண்ணையும் அசோசியேஷன் செகரட்டரி தானே மாற்றக்கூடாது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டம், அந்தப் பக்கம் 2013ஆம் ஆண்டின் கேரள சட்டம். இரண்டிலும் மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். மெக்கானிக்கை வைத்து மாற்றி, பழைய எண், புது எண், தேதி மூன்றையும் மெஷின் ரூம் நோட்டில் எழுதிவையுங்கள். மாதாந்திர சர்வீஸைப் பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றைக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் 44 விநாடி 67 ஆகிறது.

மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். கிரவுண்டில் ஒருவர், போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. 8.30 முதல் 9.30 வரை ஒவ்வொரு லிஃப்டும் கிளம்பிய நேரம், ஏறியவர், ஏற முடியாமல் நின்றவர் என்று மூன்று பத்தி. குடியிருப்பில் இறங்கும் கூட்டம் என்பதால் எட்டாம் மாடியிலும் இன்னொருவர் நின்று, பட்டன் அழுத்தியதிலிருந்து கதவு திறப்பது வரை எழுத வேண்டும். இன்னொரு அளவை லிஃப்டுக்குள்ளிருந்தே எடுக்கலாம்: கதவு மூடத் தொடங்கிய கணத்திலிருந்து அடுத்த மாடியில் ஆள் நுழையும் அளவுக்குத் திறக்கும் வரை. 10 விநாடிக்குள் என்றால் லிஃப்ட் நல்ல நிலையில் இருக்கிறது. 13, 14 என்று வந்தால் சில், காத்திருப்பு எண், தவழ்தல் என்று மேலே சொன்ன வரிசையில் தேடுங்கள்.

அளக்கும் நாள் இரண்டு முறையும் ஒரே கிழமையாக, பள்ளிக்கூடம் உள்ள நாளாக இருக்க வேண்டும். ஓண விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போன வாரத்தில் அளந்துவிட்டு, காத்திருப்பு பாதியாகிவிட்டது என்று ஏஎம்சி பில்லில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.